இறகால் ஆன ஈ

ஈயைப் பற்றி எழுதப் புகுந்தால் நகைப்போர் இருக்கக்கூடும். அதுவும் உயிருள்ள ஈயன்று. இறகும் நூலும் கொண்டு தூண்டில் முள்ளில் கட்டப்படும் பொய் ஈ. நீளத்தில் ஒரு சீரக மணிக்கு மேல் போகாதது. நம் இராயபுரத்துக் கடலிலோ எண்ணூர் முகத்துவாரத்திலோ எந்த மீனும் திரும்பிப் பாராதது. எனினும் தேனீயும் எறும்பும் சிலந்தியும் திருமறையின் அத்தியாயங்களுக்குப் பெயராக அமைந்திருப்பதையும், கொசுவை உவமையாகக் கூற இறைவன் தயங்குவதில்லை என்று அதில் சொல்லப்பட்டிருப்பதையும் அறிந்த வாசகர்கள், பொருளின் சிறுமையைக் குறித்து நம்மைக் கோபிக்க மாட்டார்கள் என நம்புகிறோம்.

நம் குடும்பம் பழவேற்காட்டிலிருந்து வந்து இராயபுரத்தில் குடியேறியது. வாப்பாவின் முன்னோர் தோணியும் வலையுமாக ஏரியிலும் கடலிலும் பிழைத்தவர்கள். உம்மாவின் தம்பியாகிய நம் மாமா, துறைமுகத்தை ஒட்டிய கப்பல் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில் பிட்டராக வேலை பார்த்தவர். 1969ஆம் ஆண்டு, சரக்கு இறக்க முறை வராமல் பல நாள் நின்ற ஒரு கப்பலிலிருந்து ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர் பட்டறைக்கு வந்தார். கப்பலில் எஞ்சினியர். அவர் கையில் இருந்தது ஒரு தூண்டில் சக்கரம். அச்சு தேய்ந்து ஆடிக்கொண்டிருந்தது. மாமா லேத்தில் புதிய அச்சு கடைந்து போட்டுக் கொடுத்தார். கூலி வாங்க மறுத்தவரிடம் அவர் ஒரு சிறு தகரப் பெட்டியையும் இரண்டு பொட்டலம் பொடி முள்ளையும் விட்டுச் சென்றார். பெட்டியில் பன்னிரண்டு பொய் ஈக்கள். ஊதினால் பறந்துவிடும் போலிருந்தன.

மாமா அவற்றுள் ஒன்றை எடுத்து, கடிகாரம் பழுதுபார்ப்போர் கண்ணில் இடுக்கும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஊசி முனையால் முடிச்சை அவிழ்த்து, சுற்றுச் சுற்றாகப் பிரித்தார். எந்தச் சுற்று எதன் மேல் வந்தது என்று ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டார். அவருக்கு ஆசிரியர் என்று யாரும் இருந்ததில்லை. பிரிக்கப்பட்ட அந்த ஒரு ஈதான் அவருக்குப் பாடநூல்.

இனி, அந்தப் பொய் எந்த மெய்யைப் பார்த்துச் செய்யப்பட்டது என்பதைச் சொல்ல வேண்டும். மே மாதத்து ஈ என்று ஆங்கிலேயர் அழைக்கும் ஓர் இனம் உண்டு. நாம் ஒருநாட்பூச்சி என்றே சொல்லிப் போவோம். விலங்கியலார் அதற்கு இட்ட கிரேக்கப் பெயருக்கும் ஏறக்குறைய அதுவே பொருள். உலகில் 3,000க்கும் மேற்பட்ட வகைகள் உள்ளன. நன்னீரில் முட்டையிலிருந்து வெளிவந்து, கல்லுக்கடியிலும் பாசியிடையிலும் பல மாதங்கள், சில வகைகள் ஓராண்டு ஈராண்டு கூட, வளர்கின்றன. வயிற்றின் இருபுறமும் செவுள்கள் அசைய, நீரில் கரைந்துள்ள பிராணவாயுவை உண்டு வாழும் அந்த இளம் உயிர், காலம் வந்ததும் நீர்மட்டத்துக்கு ஏறித் தோலை உரித்துச் சிறகு பெறுகிறது. வியப்பு அதற்குப் பிறகுதான். சிறகு முளைத்துப் பறந்தபின் எந்தப் பூச்சியும் மீண்டும் தோல் உரிப்பதில்லை. இது ஒன்று மட்டும் உரிக்கிறது. மங்கிய சிறகோடு கரையேறி, இலையடியில் ஓய்ந்து, சிறகின் மேல் தோலையும் கழற்றிப் போட்டுவிட்டுக் கண்ணாடி போன்ற சிறகோடு மறுபடியும் எழுகிறது. இந்த இறுதி வடிவத்தைத்தான் தூண்டில்காரர்கள் ஸ்பின்னர் என்கிறார்கள். அதற்கு உண்ணும் வாய் இல்லை. குடலில் உணவுக்குப் பதில் காற்று. அதன் எஞ்சிய ஆயுளுக்கு ஒரே வேலைதான்: அந்தியில் நீரின் மேல் கூட்டமாக ஏறி இறங்கி ஆடி, இணை சேர்ந்து, முட்டையிட்டு, சிறகுகளை இருபுறமும் விரித்தபடி நீரில் வீழ்ந்து கிடப்பது.

இதை நாம் முதலில் பார்த்தது மலையிலன்று. செங்குன்றத்தில், உறவினர் வீட்டு வாசல் விளக்கடியில். மழை விட்ட ஓர் இரவு, ஈசலுக்கு நடுவே, வெள்ளைச் சுவரில் அசையாமல் ஒட்டியிருந்த இரண்டு வால் பூச்சிகளை மாமா சுட்டிக் காட்டினார். குளங்குட்டைகளில் வாழும் குளோயான் என்னும் இனம் அது. பின்சிறகு இல்லை, ஒரே சோடிச் சிறகு. நின்ற நீரைப் பொறுத்துக்கொள்ளும் தன்மையுடையது என்பதால் சென்னையைச் சுற்றிய ஏரிகளுக்கும் அது அந்நியமன்று. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகளிலோ வகைகள் ஏராளம். மதுரையில் பேராசிரியராக இருந்த கே.ஜி. சிவராமகிருஷ்ணன் அவற்றை ஆராய்ந்து, அதுவரை பெயர் பெறாதிருந்த வகைகளுக்கு அறிவியல் பெயர் சூட்டியவர்.

இறகைக் கட்டி மீன் பிடிக்கும் வழக்கம் பழையது. கி.பி. மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த ரோமாபுரி எழுத்தாளர் ஏலியன், மாசிடோனியர்கள் முள்ளில் சிவப்புக் கம்பளி சுற்றிச் சேவல் இறகு கட்டி ஆற்றில் மீன் பிடித்ததை எழுதியிருக்கிறார். இங்கிலாந்தில் 1496இல் அச்சான ஒரு நூல் பன்னிரண்டு வகை ஈக்களைக் கட்டும் முறையைக் கூறுகிறது. அந்த ஈக்களுக்கு ஏற்ற மீன் டிரவுட். குளிர்ந்து ஓடும் தெளிந்த நீரை விட்டால் வாழாதது. நம் நாட்டு மீனன்று. 1860களில் பிரான்சிஸ் டே என்னும் மருத்துவர் அதை நீலகிரிக்குக் கொண்டுவர முயன்றார், நிலைக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச்.சி. வில்சன் என்பார் முயற்சியில்தான் வானவில் டிரவுட் அங்கே வேரூன்றியது. அவலாஞ்சியில் 1907இல் குஞ்சு பொரிப்பகம் அமைந்தது. வடக்கே காஷ்மீரில் 1900ஆம் ஆண்டையொட்டியே பழுப்பு டிரவுட் குடியேறிவிட்டது. இங்கே ஒரு செய்தியைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. வில்சன் பணியாற்றிய சென்னை மாகாண மீன்துறையை 1905 முதல் கட்டியெழுப்பியவர் சர் பிரடெரிக் நிக்கல்சன். அத்துறையின் தொடக்ககாலச் சோதனை நிலையம் ஒன்று நம் எண்ணூரில் இருந்தது. நீலகிரி டிரவுட்டுக்கும் வடசென்னைக்கும் அந்த அளவில் ஓர் உறவு உண்டு.

கட்டும் முறைக்கு வருவோம். வீட்டில் முதலில் பட்டறை வைஸைப் போலவே, ஆனால் கட்டைவிரல் பருமனில், ஓர் இடுக்கியை மாமா செய்துகொண்டார். பொற்கொல்லரிடம் வாங்கிய சாமணம் ஒன்று, கூர் கத்தரி ஒன்று, தேன்மெழுகு ஒரு துண்டு, நகப்பூச்சு ஒரு குப்பி. கருவிகள் இவ்வளவே. முள்ளுக்கு எண் உண்டு. எண் கூடக் கூட முள் சிறுக்கும். காசிமேட்டுத் தூண்டில்காரர்களுக்கு இக்கணக்குப் புதிதன்று. ஆனால் அவர்கள் ஒற்றை இலக்க முள்ளோடு நின்றுவிடுவார்கள். இங்கே வேலை தொடங்குவதே பதினெட்டில். 20, 22 என்று போகும்போது முள்ளைச் சாமணத்தால் அன்றி விரலால் எடுக்க முடியாது.

முள்ளை இடுக்கியில் மாட்டி, மெழுகேற்றிய மெல்லிய நூலை முள்ளின் கண்ணருகில் தொடங்கி, ஒரு சுற்றின் மேல் மறுசுற்று ஏறாமல் வளைவு வரை கொண்டுபோக வேண்டும். அங்கே வால். சேவல் கழுத்திறகின் விறைப்பான மயிரிழைகள் இரண்டோ மூன்றோ, உடலைப் போல் இருமடங்கு நீளத்தில். அவை ஒன்றோடொன்று ஒட்டாமல் கவட்டையாக விரிந்து நிற்க வேண்டும்; அதற்காக வாலின் அடியில் நூலால் ஒரு கடுகுக்கும் சிறிய முண்டு வைத்து, அதன் இருபுறமும் இழைகளை அழுத்திக் கட்டுவார் மாமா. விரிந்த வால் அழகுக்காக அன்று. நீரின் மேல் ஈ சாயாமல் கிடக்க அதுவே துடுப்பு.

உடலுக்கு மயிற்பீலி. பீலியின் கண்ணருகில் உள்ள ஓர் இழையை எடுத்து, அதன் மேலுள்ள பொடிமயிரை நகத்தால் உருவிவிட்டால் அடியில் ஒரு நார் நிற்கும். ஓரத்தில் கருமையும் மறு ஓரத்தில் வெளுப்பும் கொண்டது. அதை முள்ளில் சுற்றினால், பூச்சியின் வயிற்றில் இருக்கும் வளையங்கள் தாமே வந்துவிடும். தர்காக்களில் தலைமேல் வருடும் மயிலிறகுக் கட்டும், ஓதும் பிள்ளைகள் குட்டி போடும் என்று நம்பிப் புத்தகத்துள் ஒளித்துவைக்கும் ஒற்றைப் பீலியும் நம் வீடுகளில் எல்லோரும் அறிந்தவை. பாடப் புத்தகத்திலிருந்து மாமா உருவிய பீலிக்காக நாம் இரண்டு நாள் அவரோடு பேசாதிருந்தோம். மயில் தானாக உதிர்த்த இறகன்றி வேறெதையும் அவர் தொட்டதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

காட்டுக்கோழி இறகோ எக்காலத்தும் வேண்டாம் என்றிருந்தார். நம் மலைகளின் சாம்பல் காட்டுச் சேவலுக்குக் கழுத்திறகின் நுனியில் மெழுகைச் சொட்டினாற்போன்ற மஞ்சள் புள்ளி இருக்கும். ஐரோப்பாவில் பெருமீன் ஈக்கள் கட்டுவோர் அப்புள்ளிக்காக அலைந்தார்கள். கப்பல் கப்பலாகப் போயிற்று. காட்டுப் பறவைகளின் இறகு ஏற்றுமதியை இந்திய அரசு 1902லேயே தடுத்தது; பிரிட்டன் 1921இல் இறகு இறக்குமதித் தடைச் சட்டம் இயற்றியது; 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் அந்தப் பறவையைக் காத்து நிற்கிறது. சட்டங்களின் வயதைப் பார்த்தால் ஆசையின் வயது தெரிகிறது.

சிறகுதான் கடினமான பகுதி. ஸ்பின்னரின் சிறகு நீரோடு நீராகப் படுத்திருக்கும். வெயில் பட்டால் மின்னும். மற்றபடி இருப்பதே தெரியாது. இதற்கு இரண்டு வழிகள். ஒன்று, சேவல் இறகை முள்ளில் குறுக்காகச் சுற்றி, மேலும் கீழும் நறுக்கிவிட்டு இருபக்க மயிரை மட்டும் விடுவது. மற்றொன்றை மாமா தம் பட்டறை வாசலிலேயே கண்டெடுத்தார். விசைப்படகுகளில் கட்டும் பாலிபுரோப்பிலீன் கயிறு தண்ணீரில் மிதக்கும். அதன் அடர்த்தி தண்ணீரில் பத்தில் ஒன்பது பங்குதான். அறுந்து கிடந்த வெள்ளைக் கயிற்றின் ஒரு முறுக்கைப் பிரித்து, உம்மாவின் பேன்சீப்பால் வாரினால், ஈரமே ஏறாத பளபளப்பான நார் கிடைத்தது. அதில் பத்துப் பன்னிரண்டு இழைகளை முள்ளின் குறுக்கே வைத்து, எட்டு என்ற இலக்கத்தை எழுதுவது போல நூலை மாறி மாறிக் குறுக்கிட்டுக் கட்டினால் இரு சிறகும் நேராக விரியும். மேல்நாட்டிலும் பின்னாளில் இதே நாரைத்தான் ஸ்பின்னர் சிறகுக்கு விரும்பிக் கட்டினார்கள் என்று அறிந்தபோது மாமா வெறுமனே தலையசைத்தார். உடலுக்குத் துருவின் நிறம் கொடுத்தால் மிகப் பல வகைகளுக்குப் பொருந்தும் என்பது அந்தத் தொழிலில் எல்லோரும் ஒப்புக்கொண்ட செய்தி. துருவின் நிறத்துக்கு மாதிரி தேடி இராயபுரத்தார் தொலைவு போக வேண்டியதில்லை.

கண்ணும் காலும் மூட்டும் வைத்து, உயிர்ப்பூச்சியே என்று மயங்கும்படி ஈ கட்டுவோரும் உலகில் உண்டு. அவை கண்ணாடிப் பேழைக்குரியவை. மாமாவின் ஈக்குக் கண் கிடையாது, முகம் கிடையாது. உயிருள்ளவற்றின் உருவைச் செய்வது பற்றி மார்க்கத்தில் உள்ள எச்சரிக்கையை அறிந்த ஒரு பெரியவர், ஒருமுறை நம் வீட்டுத் திண்ணையில் அதை உள்ளங்கையில் வாங்கிப் பார்த்து, "தலையே இல்லாததை உருவம் என்று எப்படிச் சொல்வது?" என்று சிரித்துத் திருப்பிக் கொடுத்தார். நாமோ ஹஜ் அத்தியாயத்தில் உள்ள அறைகூவலை நினைத்துக்கொண்டோம். இறைவனையன்றி அழைக்கப்படுவோர் அனைவரும் ஒன்றுகூடினாலும் ஓர் ஈயைப் படைக்க இயலாது என்பது அதன் கருத்து. வருடக்கணக்காக ஈ கட்டியவன் வீட்டில் அந்த வசனத்தை ஓதக் கேட்கும்போது அது வேறுவிதமாகக் காதில் விழுகிறது.

அப்படியானால் தலையில்லாத அந்தத் துரும்பை மீன் ஏன் ஈ என்று நம்புகிறது? விடை ஒளியில் இருக்கிறது. நீருக்கடியிலிருந்து மேலே பார்க்கும் கண்ணுக்கு வானம் முழுவதும் ஒரு வட்டச் சாளரத்துள் சுருங்கித் தெரியும். அதன் விரிவு ஏறத்தாழ 97 பாகை. அந்தச் சாளரத்துக்கு வெளியே நீர்மட்டம் முகம் பார்க்கும் கண்ணாடியாகி, ஆற்றின் அடித்தரையையே திருப்பிக் காட்டும். ஒளி ஓர் ஊடகத்திலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும்போது எந்தக் கணக்கில் வளைகிறது என்பதைக் கி.பி. 984இல் பாக்தாதில் எழுதிய இப்னு ஸஹ்ல் கண்டிருந்தார். அவருக்குப் பின் வந்த இப்னு ஹைஸம், கிதாபுல் மனாழிர் என்னும் பெருநூலில், காற்றிலும் நீரிலும் கண்ணாடியிலும் ஒளி வளைவதைச் சோதித்து எழுதினார். எண்ணூற்றைம்பது ஆண்டுகள் கழித்து, 1836இல், ஆல்பிரட் ரொனால்ட்ஸ் என்ற ஆங்கிலேயர் தூண்டில் ஈக்களைப் பற்றிய தம் நூலில், கரையில் நிற்பவனை டிரவுட் எந்தக் கோணத்தில் காண்கிறது என்று அதே வளைவைக் கோடு போட்டு விளக்கினார். பாக்தாதில் கண்ட கணக்கு ஆங்கில ஓடைக்கரையிலும் பொருந்தியதை எண்ணி மகிழ நமக்கு உரிமை உண்டு.

மாமா நான்கு கண்ணாடித் தகடுகளைச் சேர்த்துத் தொட்டி ஒன்று செய்து, தண்ணீர் நிரப்பி, மேசை ஓரத்தில் வைத்து, தரையில் மல்லாந்து படுத்துத் தம் ஈக்களை மீன் பார்ப்பதுபோல் பார்த்தார். நாமும் படுத்துப் பார்த்தோம். சாளரத்துக்கு வெளியே மிதக்கும் ஈயின் நிறமும் வடிவும் தெரிவதில்லை. நீரின் மெல்லிய தோலை அது எங்கெங்கே அழுத்துகிறதோ அங்கெல்லாம் ஒளிப்புள்ளிகள் தெரிகின்றன, அவ்வளவே. ஸ்பின்னர் படுத்துக் கிடப்பதால் உடலின் நீளத்துக்கு ஒரு கோடும், சிறகுகளின் அகலத்துக்குக் குறுக்கே ஒரு மினுக்கமும். நிமிர்ந்து மிதக்கும் ஈயோ பொட்டுப் பொட்டாகத் தெரிந்தது. மெய்யானதைப் போலச் செய்வது என்றால் எதைப் போலச் செய்வது என்ற கேள்விக்கு, அன்று தரையில் படுத்துக் கிடந்தபோது கிடைத்ததைவிடத் தெளிவான விடை நமக்குக் கிடைத்ததில்லை.

வாப்பாவுக்கு இதெல்லாம் ஒவ்வவில்லை. அவர்கள் கோபக்காரர் அல்லர். ஆனால் மீன் என்றால் அடுப்பு என்று அறிந்த குடியில் பிறந்தவர்கள். ஸ்காட்லாந்துக்காரரின் நாட்டில் பிடித்த மீனை முத்தமிடாத குறையாகத் திருப்பி நீரில் விடுவார்கள் என்று மாமா சொன்னதுதான் வினையாயிற்று. "பசிக்காக முள் போடறவன் பாவமில்லை. பிடிச்சு விளையாடிட்டு விடறதுக்கு ஒரு உயிரோட வாயைக் கிழிக்கலாமா மச்சான்?" என்றார்கள். கடலின் வேட்டை நமக்கு ஆகுமாக்கப்பட்டது. மீனுக்கு அறுப்பும் வேண்டியதில்லை. ஆனால் உயிருள்ள ஒன்றை அம்புக்குக் குறியாக வைத்து விளையாடுவதை நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள் என்பதும் நமக்குத் தெரிந்ததே. மாமா முள்ளின் கொக்கியைக் குறட்டால் நசுக்கி மழுக்கிக் காட்டினார். காயம் குறையும் என்றார். காயம் குறைவது கேள்விக்கு விடையன்று என்றார்கள் வாப்பா. மீன் அருகிவிட்ட ஓடைகளில் திருப்பி விடுவதே அவ்வினத்தைக் காக்கும் என்று மாமா வாதிட்டார். அத்தகைய ஓடையில் தூண்டிலே போடாதிருந்தால் இன்னும் நன்றாகக் காக்குமே என்பது வாப்பாவின் மறுமொழி. இருவரையும் பல ஆண்டுகள் கேட்டிருந்த நாம் வாப்பாவின் பக்கமே நிற்கிறோம். பிடித்தால் உண்ண வேண்டும். உண்ணும் அளவுக்கு மேல் பிடிக்கலாகாது.

1984இல் இருவரும் ஒன்றாக அவலாஞ்சிக்குப் போனார்கள். நாமும் உடன் போனோம். மாமா பதினைந்து ஆண்டுகள் ஈ கட்டியிருந்தார். ஒரு டிரவுட்டைக் கண்ணால் கண்டதில்லை. வாப்பா வந்தது மலைக்குளிரில் மச்சானைத் தனியே விட உம்மா சம்மதிக்காததால். நீலகிரி எக்ஸ்பிரஸில் மேட்டுப்பாளையம். அங்கிருந்து மலை ரயில். உதகையில் மீன்துறையிடம் அனுமதிச் சீட்டு. முதல் நாள் முழுவதும் மாமா வெற்று நீரில் நூல் வீசினார். காட்டுப்பூவரசுகள் சிவந்து பூத்திருந்தன. ஓடை நீரில் கை வைத்தால் எலும்பு வலித்தது.

இரண்டாம் நாள் அந்தியில், சூரியன் சோலையின் பின்னே இறங்கிய நேரம், நீருக்கு ஓர் ஆள் உயரத்தில் பூச்சிகள் கூடின. ஏறின, இறங்கின, மீண்டும் ஏறின. சற்றைக்கெல்லாம் அவை ஒவ்வொன்றாக வீழத் தொடங்கின. ஓடையின் மடுவில் வட்டங்கள் விரிந்தன. பாய்ச்சலில்லை, தெறிப்பில்லை, யாரோ மென்மையாக உறிஞ்சுவதுபோல் ஒரு வட்டம், பிறகு மற்றொன்று. இந்த வீழ்ச்சி நீடிப்பது சிறு பொழுதுதான். மாமா ஈயை நூலில் முடிந்துகொண்டிருந்தபோது மஃரிபுக்கு நேரமாயிற்று.

பாங்கோசை எட்டாத இடம். வாப்பா கடிகாரத்தைப் பார்த்தார்கள், மடுவைப் பார்த்தார்கள், பிறகு சொன்னார்கள்: "மச்சான், நீ முஸாபிர். மஃரிபை இஷாவோட சேர்த்துத் தொழ உனக்கு அனுமதி இருக்கு. பூச்சி உனக்காகக் காத்திருக்காது, பிடி."

நாம் திகைத்தோம். இத்தனை ஆண்டுகள் எதிர்த்தவர்கள் அவர்கள். மாமா தூண்டில் கோலைப் புல்லின் மேல் படுக்க வைத்தார். "அனுமதி பயணத்துக்கு மச்சான். நான் இப்ப பயணத்துல இல்ல, விளையாட்டுல இருக்கேன்" என்று சொல்லிவிட்டு உளூச் செய்ய நீரில் இறங்கினார்.

வாப்பா முன்னின்று தொழ வைத்தார்கள். நமக்குப் பின்னால் ஓடையில் அந்த உறிஞ்சும் ஓசை கேட்டுக்கொண்டிருந்தது, பிறகு குறைந்தது. ஸலாம் கொடுத்துத் திரும்பியபோது வானில் பூச்சிகள் இல்லை. வழக்கத்துக்கு மாறாக வாப்பா துஆவைச் சுருக்கினார்கள் என்பது நம் எண்ணம், கேட்டால் மறுத்திருப்பார்கள். கரையோரப் பாறை நிழலில் மட்டும் ஒரு மீன் இன்னும் மேலே வந்து போய்க்கொண்டிருந்தது. இரண்டு முறை வீச வெளிச்சம் இருந்தது. இரண்டாம் வீச்சில் அது எடுத்தது.

சாணுக்குச் சற்றுக் கூடுதலான மீன். பக்கவாட்டில் இளஞ்சிவப்புக் கோடு. மாமா வாப்பாவைப் பார்த்தார். வாப்பா மடிக்கத்தியை நீட்டினார்கள்.

தங்கிய இடத்தில் லாந்தர் வெளிச்சத்தில் மீனை ஆய்ந்தவர்கள் வாப்பாவே. பழவேற்காட்டுக்காரர்கள் மீனின் வயிற்றை எறிந்துவிடுவதில்லை, பிளந்து பார்ப்பார்கள். எதைத் தின்றிருக்கிறது என்று தெரிந்தால் நாளை எங்கே வலை போடுவது என்று தெரியும். கறுத்த உருண்டையாக இருந்ததை வெள்ளை எனாமல் தட்டில் போட்டுத் தண்ணீர் விட்டார்கள். உருண்டை கரைந்தது, ஒவ்வொன்றாகச் சிறகுகள் விரிந்து மிதந்தன. ஐம்பதுக்கும் மேல் இருக்கும். வாப்பா மாமாவின் ஈயை வாங்கி அவற்றின் நடுவே மிதக்க விட்டு, லாந்தரை அருகில் இழுத்துக்கொண்டு நெடுநேரம் குனிந்திருந்தார்கள்.

"வயிறு பெருத்திருக்கு மச்சான்" என்றார்கள் கடைசியில். "உன் பூச்சி முட்டை போடாத பூச்சி. இதுங்க எல்லாம் போட்டு முடிச்சதுங்க."

உண்மைதான். முட்டையிட்டு முடித்த பெண்பூச்சியின் வயிறு வெறும் தோலாய்ச் சுருங்கிவிடும். நூலடி மேல் பீலி சுற்றினால் அந்த மெலிவு வராது. அன்றிரவு மீனை மிளகாயும் மஞ்சளும் தடவிப் பொரித்து மூவரும் உண்டோம். ஊர் திரும்பியபின் மாமா வயிற்றுப் பகுதியில் நூலடியை விட்டுவிட்டு, வெறும் முள்ளின் மேலேயே ஒற்றைப் பீலி நாரைச் சுற்றத் தொடங்கினார். ஈ கட்டும் மேசையருகே வாப்பா நாற்காலி போட்டுக்கொண்டதும் அதற்குப் பிறகுதான். அவர்கள் தூண்டிலைத் தொடவில்லை. தட்டைப் பார்த்துக் குறை சொல்லும் பொறுப்பை மட்டும் ஏற்றார்கள்.

அந்த வெள்ளைத் தட்டை மாமா பிறகு வேறு வேலைக்கும் எடுத்துப் போனார். ஒருநாட்பூச்சியின் இளம் உயிர் இருக்கும் நீர் மூச்சுள்ள நீர் என்பது நீரியல் அறிஞர்கள் ஒப்புக்கொண்ட அளவுகோல். கொசஸ்தலை ஆற்றின் மேற்பகுதியில் கல்லைப் புரட்டித் தட்டில் அலசினால் அவை நெளிந்தன. கீழே வர வர இல்லை. எண்ணூரில் உப்பு கலப்பதால் இயற்கையாகவே இருக்காது. அதில் யார்மேலும் குற்றமில்லை. உப்பு எட்டாத இடங்களிலும் இல்லாமற் போனதைத்தான் மாமா தம் குறிப்பேட்டில் நாளும் இடமும் இட்டு எழுதி வைத்தார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து முகத்துவாரம் வரை படர்ந்ததையும், மீனவர்கள் குவளையால் அதை மொண்டு வாளியில் ஊற்றியதையும் பார்க்க அவர் இல்லை. வாப்பாவும் இல்லை. நீர்மேல் படரும் எண்ணெய் நீரின் தோலையே மாற்றிவிடும். கண்ணாடித் தொட்டியின் அடியில் படுத்துப் பார்த்தவர்களுக்கு அதன் பொருள் விளங்கும். மேலே விழும் பூச்சி படுக்கவும் இடமில்லை, கீழிருந்து வருவது மூச்சுவிடவும் வழியில்லை.

இப்போது ஈ கட்டுவது நாம். இடுக்கி அதே இடுக்கி. கண்ணுக்கு மட்டும் வலிமை கூடிய கண்ணாடி. கயிற்று நாருக்குக் காசிமேட்டில் பஞ்சமில்லை. தட்டுப்பாடு சேவல் இறகுக்குத்தான். ஒரு காலத்தில் இந்தியச் சேவல் கழுத்துகள் மேல்நாட்டு ஈ கட்டுவோருக்கு ஏராளமாகப் போயின. இறகு குட்டையானாலும் பொடி முள்ளுக்கு ஏற்ற சிற்றிறகு அவற்றில் உண்டு என்று பெயர். பிறகு அமெரிக்காவில் இறகுக்காகவே சேவல்களை இனம் தேர்ந்து வளர்க்கலானார்கள். இங்கோ கடைகளை பிராய்லர் நிறைத்தது. ஆறு வாரத்தில் அறுபடும் கோழிக்குக் கழுத்திறகு முதிர்வதேயில்லை. நாட்டுச் சேவல், அதுவும் வயது முதிர்ந்தது, வேண்டும். தெருமுனையில் கோழிக் கடை வைத்திருப்பவர் அத்தகைய சேவல் வந்தால் கழுத்துத் தோலை உப்பிட்டு எடுத்து வைக்கிறார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வரும்போது வாங்கிக்கொள்வோம். சென்ற மாதம் கிடைத்த ஒன்றில், 20ஆம் எண் முள்ளுக்குப் பொருந்தும் இறகுகள் நாற்பதுக்கு மேல் இருந்தன. நல்ல செங்காவி நிறம்.